மத்தளம் கேட்டால் எழும்பும் கால்கள்

வணக்கம் அண்ணன்,

அப்பாவுக்கு வயது 68. பார்கின்சன் நோய்க்குக் குளிசை எடுக்கிறார். ஒரு காலத்தில் வடமோடிக் கூத்தில் அருச்சுனனாக ஆடியவர். இப்போது குசினி வாசலுக்கு வந்ததும் கால் நிலத்தோடு ஒட்டினாற்போல நின்றுவிடுகிறார். போன மாதம் கோயிலடியில் கூத்துப் பழகினார்கள். மத்தளம் அடித்ததும் அப்பா கதிரையை விட்டு எழும்பிக் களரியில் ஒரு சுற்று ஆடிவிட்டார். "ஆட ஏலுமாம், குசினிக்குள்ள வர ஏலாதாம்" என்று அம்மா ஏசுகிறா. அப்பா நடிக்கிறாரா?

ச., ஆரையம்பதி

அன்புள்ள தங்கச்சி,

நடிக்கவில்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் நின்றதும் உண்மை, களரியில் ஆடியதும் உண்மை.

மூளையின் ஆழத்தில் அடித்தள நரம்புத் திரள்கள் என்று சில பகுதிகள் உண்டு. நாம் சும்மா இருக்கும்போதும் அவை அசைவுகளின் மேல் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஓரடி வைக்க வேண்டுமென்றால் ஒரு பாதை அந்த அடிக்கான பிரேக்கை மட்டும் விடுவிக்கிறது. இன்னொரு பாதை வேண்டாத அசைவுகளை இறுக்குகிறது. நடுமூளையிலிருந்து வரும் டோபமின் என்ற இரசாயனம் முதல் பாதைக்குத் துணை நிற்கிறது, இரண்டாவதை அடக்குகிறது. பார்கின்சனில் அந்த டோபமின் கலங்கள் அழிகின்றன. பிரேக் விடுபடுவதில்லை. அப்பாவின் காலில் பலம் இருக்கிறது, புறப்படுவதற்கான அனுமதிதான் வந்து சேருவதில்லை.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் ஆறு பேரை வைத்து இந்த நோயை எழுதினார். ஆனால் நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருப்பதை வியன்னாவில் கண்டுபிடித்தது 1960இல்தான். அப்பா எடுக்கும் குளிசையில் லெவோடோபா இருந்தால், அது அந்தக் கண்டுபிடிப்பின் வழியாக வந்த மருந்து, மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது. நான் சொன்ன இரண்டு பாதைக் கணக்கும் முழுக் கதை இல்லை. அசைவு தொடங்கும் கணத்தில் இரண்டு பாதைகளும் சேர்ந்தே வேலை செய்வதை 2013இல் எலிகளில் பார்த்தார்கள். விடுவதும் இறுக்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் ஓரடி சரியாக விழும்போல.

சரி, மத்தளத்துக்கு வருவோம். நாமாக நினைத்து, நாமாகத் தொடங்கும் பழகிய அசைவுக்குத்தான் இந்தத் திரள்கள் அதிகம் தேவை. வெளியிலிருந்து ஒரு தாளம் வந்து "இப்போது வை" என்று சொன்னால், சிறுமூளையும் முன்மூளையின் இயக்கப் பகுதிகளும் சேர்ந்த வேறு வழியால் கட்டளை போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தரையில் குறுக்கே கோடு கீறிவிட்டால், உறைந்து நின்றவர் அதைத் தாண்டி நடப்பதும் அப்படித்தான். வாசல் ஒடுங்கிய இடம் என்பதால் அங்கே கால் உறைவது இந்த நோயில் மிகவும் வழமை. உங்கள் அப்பாவுக்கோ தாளக்கட்டு உடம்பில் ஊறிப்போனது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது.

ஆகவே உறைந்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். ஏசவும் வேண்டாம், அவசரப்படுத்தினால் உறைவு கூடும். பக்கத்தில் நின்று தாளக்கட்டை மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது கையால் தட்டுங்கள். களரியின் வேகம் வேண்டாம், அவருடைய நடையின் வேகம் போதும். குசினி வாசலுக்கு முன்னால் ஓரடிக்கு ஒரு கோடாக நிறநாடா ஒட்டிப் பாருங்கள். அம்மாவே தாளம் சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம் குளிசை. லெவோடோபாவை மீன், இறைச்சி, பருப்பு நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் சிலருக்கு அது சரியாக வேலை செய்யாது. எந்த நேரம் எடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். பூனைக்காலி விதை நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது, ஆகவே வைத்தியரைக் கேட்காமல் குளிசையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.