கல்வெட்டில் பெயர், பில்லில் பாக்கி

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 5 லட்சம் கொடுத்த முதலாளிக்குப் பரிவட்டம் கட்டி, கல்வெட்டிலும் பெயர் போட்டார்கள். அவர் கம்பெனிக்குத்தான் 18 பேரை வைத்துப் பவர் டேபிளில் (மின் தையல் மெஷின்களில்) கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். 4 மாதமாகப் பில் பாக்கி. கேட்டால் "பார்த்துக்கலாமுங்க" என்கிறார். பணம் சேரச் சேரக் குணம் கெட்டுப்போகும் என்பது உண்மைதானே?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: கடிதம் முழுக்கப் பாக்கி, கடைசி வரியில்தான் குணம் வருகிறது. போன மாதமே பணம் வந்திருந்தால் அவர் உங்களுக்கும் தங்கமான மனிதர்தான். அதனால் முதலில் கணக்கைப் போடுவோம்.

18 பேருக்கு வாரக் கூலி 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதை எண்ணி வைத்தே ஆக வேண்டும். 45 நாளில் பில் வந்தால் உங்கள் பணம் சுமார் 5 லட்சம் முடங்கும். 120 நாள் இழுத்தால் 13.5 லட்சத்தைத் தாண்டும். கூடுதலான எட்டரை லட்சத்தை வெளியில் நூற்றுக்கு 2 வட்டிக்கு வாங்கினால் மாதம் 17,000, வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். ஜிஎஸ்டி பதிவும் இருந்தால் இன்னொரு அடி. வராத பில்லுக்கும் 5 சதவீத வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியிருப்பீர்கள். அவரோ அதை உள்ளீட்டு வரியாக வரவு வைத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்திருப்பார். 180 நாளாகியும் பில்லைத் தீர்க்காவிட்டால்தான் அவர் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். உங்களைப் போல் மூன்று டேபிள்காரர்கள் இருந்தால் கோயிலுக்குப் போன 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கல்வெட்டில் உபயதாரர் பெயரைத்தான் மாற்றிச் செதுக்கிவிட்டார்கள்.

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஏற்றுமதி என்றால் சரக்கு கப்பலேறி 60, 90 நாள் கழித்துத்தான் பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர், பணம் அனுப்புவார். நடுவில் தள்ளுபடி வேறு கேட்பார். ஆனால் ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு கப்பலேறும் முன்பே கிடைக்கும் ஏற்றுமதிக் கடன்) வாங்க அவரால் முடியும். நூல், சாயம், தையல் கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வங்கி அதைக் கொடுக்கிறது. உங்களுக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது. வங்கியில் கடன் கிடைக்கிறவர், கிடைக்காதவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார்.

இனி குணம். 1926-ல் கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதிவைத்தார்கள். வரப்பு ஒரு அடி நகர்ந்ததற்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகும் நாட்டில் நடந்தது இது. அவர்களும் பணக்காரர்கள்தான். பணத்தால் வரும் வசதி ஒன்று உண்டு: "பார்த்துக்கலாமுங்க" என்று சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அந்த வசதியில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. தேதி தவறாமல் பில்லைத் தீர்த்துவிட்டு கோயில் நோம்பிக்கு 1,001 மட்டும் எழுதுகிறவரைக் கஞ்சன் என்கிறோம். கோடி இருந்தும் பழைய டிவிஎஸ் 50-யில் வருகிறார் என்று இன்னொருவரைப் புகழ்கிறோம். அவரிடம் யாருக்குக் கூலி நிற்கிறது என்று விசாரிப்பதில்லை. பரிவட்டம் கட்டிய அன்று நீங்களும் கூட்டத்தில் நின்றுதானே பார்த்தீர்கள்?

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 18 டெய்லர்களுக்கு நீங்கள்தான் முதலாளி. 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு: அவர்கள் கூலியில் 0.75, உங்கள் பங்கு 3.25 சதவீதம், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். பிடித்ததைக் கட்டினீர்களா? பாக்கி வரவில்லை என்று அதை நிறுத்தியிருந்தால், டேபிளில் பேசப்படும் பணக்காரர் கதை உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

பாக்கிக்கு வழி இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிக் கொடுத்தால், கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே ஞாபகம் இருக்கும். உங்கள் கடிதம் பிப்ரவரியில் போவது நல்லது.

அப்புறமும் வராவிட்டால் இந்தப் பாக்கி வழக்குகளுக்காகவே 2006 சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் மனுப் போடலாம், கோவையில் ஒன்று இருக்கிறது. மனு தோற்பது பெரும்பாலும் காகிதத்தில். உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லாத காலத்துப் பில்லை நிலைநிறுத்துவது சிரமம், ஆகவே இல்லாவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். அடுத்தது டேமேஜ். சரக்கில் குறை இருந்தால் இறங்கிய 15 நாளுக்குள் அவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். 60-ஆம் நாள் வாய்வார்த்தையாகப் போடும் டெபிட் (பில்லில் கழிக்கும் தொகை) எளிதில் நிற்காது. ஆனால் இறங்கிய தேதியை நிரூபிக்க டெலிவரி சலான் நகலில் கம்பெனி சீல், கையெழுத்து, தேதி மூன்றும் வேண்டும். அவசரத்தில் வண்டியை அனுப்பிவிட்டு நகலை விட்டிருந்தால், நிற்கும் பாக்கியை ஒப்புக்கொள்ளும் கணக்குக் கடிதத்தை அவர் அக்கவுண்டன்டிடம் வாங்குங்கள். ஆடிட்டுக்காக அவர்களே பிறரிடம் கேட்கும் காகிதம்தான் என்பதால் மறுப்பது கஷ்டம்.