நிலப்படக் கேள்விகள்: கண்மாய் அளவு முதல் ஆந்தைக் கூடு வரை

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, தங்கள் ஊர் நீர்நிலைகளைத் தாங்களே அளந்து படமாக்கி மற்றவர்களுக்குக் கொடுக்க முனைந்திருப்பவர்களுடையவை. படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டுத் தருகிறேன்.

எங்கள் கண்மாய் கிராமக் கணக்கில் 116 ஏக்கர். செயற்கைக்கோள் படத்தின் மேல் எல்லையை வரைந்து க்யூஜிஐஎஸ் மென்பொருளில் கணக்கிட்டால் 119½ ஏக்கர் வருகிறது. எது சரி? (சிவகங்கை மாவட்டம்)

நீங்கள் வரைந்ததில் குறையில்லை. கணக்கிட்ட முறையில்தான் கோளாறு. இணைய நிலப்படங்களில் பெரும்பாலானவை வெப் மெர்கேட்டர் (மென்பொருளில் இதன் குறியெண் இபிஎஸ்ஜி 3857) என்ற முறையில் புவியைத் தட்டையாக்கிக் காட்டுகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகப் போக அது எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடும். கன்னியாகுமரியில் பரப்பு ஏறக்குறைய 2 சதவீதம் கூடும், சிவகங்கையில் 3 சதவீதம், சென்னையில் 5 சதவீதத்தைத் தாண்டும். 116 ஏக்கரோடு 3 சதவீதத்தைச் சேர்த்துப் பாருங்கள், உங்கள் 119½ வந்துவிடும்.

தீர்வு எளிது. நீங்கள் வரைந்த படலத்தை, புவியை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு (இபிஎஸ்ஜி 32644) பட்டைக்கு மாற்றி, புதிய கோப்பாகச் சேமித்துவிட்டுக் கணக்கிடுங்கள். அப்போது பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மாற்ற விருப்பமில்லை என்றால், க்யூஜிஐஎஸ் களக் கணிப்பானில் (ஃபீல்டு கால்குலேட்டர்) டாலர் குறியோடு தொடங்கும் ‘ஏரியா’வைப் பயன்படுத்துங்கள். திட்ட அமைப்பில், ஜிபிஎஸ் பயன்படுத்தும் புவி வடிவமான டபிள்யூஜிஎஸ் 84 கோளவுரு தேர்ந்திருந்தால், அது புவியின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். டாலர் குறி இல்லாமல், அடைப்புக்குறிக்குள் வடிவத்தைக் கொடுத்துக் கணக்கிடும் ‘ஏரியா’ அப்படிச் செய்யாது. தட்டையான தாளின் மேல் அளந்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் உள்ள 116 ஏக்கர், வருவாய்த் துறை வரையறுத்த புறம்போக்கின் பரப்பு. நீங்கள் வரைந்தது படம் எடுத்த நாளில் கண்ணுக்குத் தெரிந்த எல்லை. இரண்டும் இப்போது பொருந்தி வருவது நல்ல அறிகுறி. பக்கத்துக் கண்மாயில் 10 ஏக்கர் குறைந்து வந்தால், உடனே ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடாதீர்கள். உள்வாய்ப் பகுதியில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், எல்லை எங்கே முடிகிறது என்று வானத்திலிருந்து தெரியாது. சர்வே எண்ணின் எல்லை காட்டும் புலப்படத்தை வைத்து, கரையில் நடந்து பார்த்த பிறகே அந்தச் சொல்லை எழுத வேண்டும். ஒருமுறை தவறாகக் குற்றம் சாட்டிய படத்தை ஊர் மறுபடி நம்பாது.

பாகப்பிரிவினையில் வந்த நிலத்தின் எல்லையைக் கைப்பேசி ஜிபிஎஸ் கொண்டு நடந்து குறித்துக்கொள்ளலாமா? (தென்காசி)

கூடாது. திறந்த வெளியில் நல்ல கைப்பேசி காட்டும் இடம் 3 முதல் 5 மீட்டர் வரை விலகலாம். தென்னந்தோப்பில் இன்னும் கூடும். ஒரு சென்ட் நிலம் என்பதே பக்கத்துக்குச் சுமார் 6.4 மீட்டர் உள்ள சதுரம்தான். உரிய கட்டணம் செலுத்தி, அரசு நில அளவரை அழைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஷேப்ஃபைலாக அனுப்பினால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ பாதியில் வெட்டுப்பட்டோ போய்ச் சேர்கின்றன. (மதுரை)

ஷேப்ஃபைல் 1990களில் வந்த நிலப்படக் கோப்பு வடிவம். அதன் அட்டவணை இன்னும் பழமையான டிபேஸ் என்ற தரவுத்தள முறையில் அமைந்தது. அதில் நிரலின் (நெடுவரிசையின்) தலைப்புக்கு 10 பைட், ஒரு கட்டத்து எழுத்துக்கு 254 பைட் என்பது எல்லை. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. உயிர்மெய்யின் துணைக்காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். ‘கண்மாய்’ என்ற சொல்லுக்கே 21 பைட் வேண்டும். எனவே அதை நிரல் தலைப்பாக வைத்தால் வெட்டுப்படாமல் இருக்க வழியில்லை.

உங்களிடம் வந்த கோப்பில் எழுத்துகள் வேறு எழுத்துகளாகத் தெரிந்தால், படலத்தின் பண்புகளில் எழுத்துக் குறிமுறையை யுடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். வெறும் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டிருந்தால் அந்தத் தமிழ் போய்விட்டது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்பதுதான் வழி.

இனி ஜியோபேக்கேஜ் வடிவத்தில் கொடுங்கள். ஒரே கோப்பு, தமிழ்த் தலைப்பு, 2 ஜிபி வரம்பு இல்லை. ஷேப்ஃபைலில் நான்கைந்து துணைக் கோப்புகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். யாராவது பிஆர்ஜே கோப்பை விட்டுவிட்டால், அந்த எண்கள் எந்த ஆயத்தொலைவு முறையில் எழுதப்பட்டவை என்ற செய்தியும் தொலைந்துவிடும். தமிழ்ப் பெயர்களைச் சேகரிக்கும் யாரும் இன்றும் ஷேப்ஃபைலில் வேலை செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

திருச்சியில் எடுத்த புள்ளிகள் எல்லாம் ஆர்க்டிக் பகுதியில் போய் விழுகின்றன!

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. 10.79, 78.70 என்பதைத் திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் வரும். கைப்பேசி நிலப்படங்களில் அட்சரேகை முன்னே வரும். ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில். எக்ஸ்செல் அட்டவணையை க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றும்போது ‘எக்ஸ்’ என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகையைக் கொடுங்கள்.

காவிரிக் கரையை ஈரோட்டுக் குழுவும் கரூர்க் குழுவும் பிரித்துக்கொண்டு அளந்தோம். இணைத்தால் ஈரோட்டுப் பகுதி வங்கக் கடலுக்குள் போய்விடுகிறது.

தமிழ்நாட்டின் குறுக்கே 78 பாகை தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு மேற்கே யுடிஎம் 43, கிழக்கே 44. ஈரோடு, கோவை, திருநெல்வேலி ஆகியவை 43-இல் வரும். கரூர், சேலம், மதுரை, சென்னை ஆகியவை 44-இல். ஈரோட்டுக் கோப்புக்கு யாரோ 44 என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதனால் முழுப் படமும் 6 பாகை கிழக்கே நகர்ந்து கடலுக்குள் போயிருக்கிறது.

இங்கே பலர் செய்யும் பிழை, அந்தக் கோப்பை 43-க்கு ‘மாற்றுவது’. மாற்றினால் கடலிலேயேதான் இருக்கும். எண்கள் ஏற்கெனவே 43-இல் அளந்தவை. அவற்றின் மேல் ஒட்டிய பெயர்தான் தவறு. எனவே ‘முறையைக் குறிப்பிடு’ என்ற வசதியில் 43 என்று திருத்துங்கள். அதன் பிறகு இரண்டு கோப்புகளையும் டபிள்யூஜிஎஸ் 84 அட்சரேகை, தீர்க்கரேகை முறைக்கு மாற்றி இணையுங்கள்.

தாத்தா காலத்து ஒரு அங்குல டோப்போ தாளை (நில அளவைத் துறையின் இடவிளக்கப் படம்) ஸ்கேன் செய்து இன்றைய படத்தின் மேல் வைத்தால், ஏரிகள் எல்லாம் சற்றுத் தள்ளி நிற்கின்றன. பழைய அளவை அவ்வளவு மோசமா?

அந்த அளவையாளர்களுக்கு அநீதி செய்யாதீர்கள். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைதான் உங்கள் தாளுக்கு அடிப்படை. அது புவியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் 1830 என்ற கோளவுருவை எடுத்துக்கொண்டது. இன்றைய ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டின் மையமும் ஒன்றல்ல. எனவே ஒரே அட்சரேகையும் தீர்க்கரேகையும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

தாளின் மூலைகளில் அச்சிட்ட ரேகை எண்களைக் கொடுத்து நிலைநிறுத்தும்போது எவரெஸ்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கோயில், ரயில் பாதைக் கடவு, ஏரிக்கரை திரும்பும் முனை போன்ற இடம் மாறாத அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதி விலகல் எவ்வளவு என்று கோப்பிலேயே எழுதி வையுங்கள். ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிய தாளில் ஒரு பேனாக் கோடே தரையில் பல மீட்டர் அகலம். 2005 நிலப்படக் கொள்கைக்குப் பின் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருப்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் வராது.

கண்மாயில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று இலவசமாகப் பார்க்க முடியுமா? (ராமநாதபுரம்)

முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோள் சேர்ந்த பிறகு ஏறத்தாழ 5 நாளுக்கு ஒரு படம் கிடைக்கிறது. பச்சைப் பட்டையையும் அகச்சிவப்புப் பட்டையையும் ஒப்பிடும் நீர்க் குறியீட்டைக் கணக்கிட்டால் தண்ணீர் தனியே தெரியும். ஆனால் உங்கள் கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அப்போதுதான் வானத்தை மேகம் மூடியிருக்கும். அந்த மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை படர்ந்த தண்ணீரை நீர்க் குறியீடு நிலமென்றே காட்டும்.

எங்கள் அமைப்பில் நான்கு பேர் ஒரே கோப்பில் வேலை செய்கிறோம். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (விழுப்புரம்)

அப்படிச் சுற்றும் கோப்புகளில் எது சரி என்று ஒரு வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. வசதி இருந்தால் ஒரு சர்வரில் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் வைத்து, எல்லோரும் அதிலேயே எழுதுங்கள். வசதி இல்லையென்றால், ஆளுக்கு இத்தனை ஊர் என்று பிரித்துக்கொண்டு தனித்தனி ஜியோபேக்கேஜில் வேலை செய்து, வாரம் ஒருமுறை ஒருவர் மட்டும் இணைக்கட்டும். ஜியோபேக்கேஜைப் பொதுக் கோப்புறையில் வைத்து நால்வரும் ஒரே நேரத்தில் திறந்தால் அது கெட்டுப்போக வாய்ப்புண்டு. களத்தில் இணையம் இல்லாமல் பதிவு செய்ய க்யூஃபீல்டு செயலி போதும்.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்திகள் கட்டாயம் இருக்கட்டும்: யார் அளந்தது, எந்த நாளில், எந்தக் கருவியால், எத்தனை மீட்டர் துல்லியத்தில். தரவைக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த நான்கைத்தான். “மடை உடைந்திருக்கிறது” என்று ஒரு புள்ளி இருக்கிறது. எப்போது உடைந்தது என்று இல்லை. அதை வைத்துப் நீர்வளத் துறைக்கு மனு எழுத முடியுமா? பழுது பார்த்துவிட்டார்களா என்றுதான் சொல்ல முடியுமா? நாளில்லாத புள்ளியைச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவது மேல் என்பேன்.

வீட்டுவாரியாகக் கிணறுகளைக் கணக்கெடுத்தோம். உரிமையாளர் பெயர், கைப்பேசி எண்ணோடு இணையத்தில் போடலாமா?

வேண்டாம். கிணற்றின் ஆழம், நீர்மட்டம், உப்புத்தன்மை ஊருக்குப் பயன்படும், எண் பயன்படாது. அவர்கள் உங்களை நம்பிச் சொன்னது அது. பொதுப் பிரதியில் பெயரையும் எண்ணையும் நீக்கி, புள்ளியைத் தெரு அளவுக்குப் பொதுமைப்படுத்துங்கள். முழுப் பிரதி கடவுச்சொல்லோடு உங்களிடம் இருக்கட்டும்.

பாறையிடுக்கில் கொம்பன் ஆந்தை கூடு கட்டியிருப்பதைப் பார்த்தேன். இடத்தைப் பகிரலாமா? (தருமபுரி)

குஞ்சு பறந்து போகும்வரை யாருக்கும் வேண்டாம். ஆந்தைகளை மாந்திரீகத்துக்காகப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது சுமார் 20 கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கியே காட்டும். மற்ற உயிரினங்களுக்கும் நீங்களே அப்படித் தேர்ந்தெடுக்கலாம். படத்தைப் பகிரும்போதும் கவனம் தேவை. கைப்பேசிப் புகைப்படத்துக்குள்ளேயே ஆயத்தொலைவு பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ‘ஆவணமாக’ அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

கூகுள் மேப்பில் இருக்கும் எங்கள் ஊர்த் தெருப் பெயர்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாமா? (திருவாரூர்)

கூகுளின் உரிமம் அனுமதிக்காது, மக்களே வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அப்படிச் சேர்த்தவற்றைத் தன்னார்வலர்கள் கண்டுபிடித்து நீக்கிவிடுவார்கள். தெருவில் நடந்து, பெயர்ப் பலகையைப் பார்த்துச் சேருங்கள். அது உங்கள் சொந்தத் தரவு, யாரும் கேட்க முடியாது. தமிழ்ப் பெயருக்குத் தனிக் குறிச்சொல் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடாதீர்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்துப் பகிர முடிந்ததற்குக் காரணம், அந்தத் தெருக்களை யாரோ முன்பே பொறுமையாக இந்தப் படத்தில் வரைந்து வைத்திருந்ததுதான். திருவாரூரில் முதலில் வாய்க்கால்களையும், மதகுகளையும், மேடான பள்ளிக்கூடங்களையும் சேருங்கள். தெருக்கள் பிறகு.