பேசிக்கொள்ளாத பெற்றோர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உளவியல் முதுகலை முடிக்கப்போகிறேன். அமெரிக்க உளவியலாளர் எலன் பெர்ஷைட் போல நெருங்கிய உறவுகளை ஆராய ஆசை. ஆனால் அளக்கத் தொடங்கினால் அன்பின் அழகு போய்விடுமோ என்று தயங்குகிறேன். என் பெற்றோர் அதிகம் பேசிக்கொள்வதே இல்லை. அங்கே ஆராய என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. இத்துறைக்கு வரலாமா? எந்த நூலில் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூல்களை உங்கள் பேராசிரியர்கள் சொல்வார்கள்.

அழகு போய்விடும் என்ற கவலை பழையது. 1975இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர், காதல் பற்றிய ஆய்வுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்த 84,000 டாலரை வீண்செலவு என்று சாடி, அரசுப் பணம் விரயமாவதைக் கேலிசெய்யத் தாம் ஏற்படுத்திய ‘தங்கக் கம்பளி’ விருதை முதன்முதலாக அதற்கே அளித்தார். ஆணும் பெண்ணும் ஏன் காதலிக்கிறார்கள் என்பதை மக்கள் அறிய விரும்பவில்லை, அது மர்மமாகவே இருக்கட்டும் என்றார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்ஷைடும், அவருடன் அந்த ஆய்வைச் செய்த எலைன் ஹாட்ஃபீல்டும் நாடறியக் கேலிக்கு ஆளானார்கள். பெர்ஷைடைப் போல ஆகவேண்டும் என்று எழுதிய கையோடு அந்த செனட்டரின் வாதத்தையும் எழுதுகிறீர்களே! உறவில் அடிபடாதவர்களுக்குத்தான் மர்மம் அழகாகத் தெரியும்.

உங்கள் பெற்றோரைப் பற்றிய வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. ஒருவர் செய்துகொண்டிருக்கும் காரியம் எதிர்பாராமல் தடைபடும்போதே வலுவான உணர்ச்சி எழுகிறது என்ற கருத்தை பெர்ஷைட் உறவுகளுக்குப் பொருத்திப் பார்த்தார். இருவரின் அன்றாடச் செயல்கள் ஒன்றையொன்று தாங்கித் தடையின்றி ஓடும்வரை, எவ்வளவு ஆழமாகப் பிணைந்திருந்தாலும் அவர்களிடம் உணர்ச்சி வெளிப்படாமலே போகலாம்; பிரிவு வந்தால்தான் பிணைப்பின் அளவு தெரியும். மனைவியிடம் ஒரு கனிவான சொல்லும் பேசியறியாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அந்த அம்மையார் இறந்தபின், தொடங்கிய எதையும் அவரால் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வேலையிலும் பாதி அவர் மனைவியுடையதாக இருந்திருக்கிறது.

மௌனமெல்லாம் அன்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே கூரையின்கீழ் தனித்தனியாக வாழ்பவர்களும் மௌனமாகத்தான் இருப்பார்கள். இரண்டையும் பிரித்தறியவே அளவை வேண்டும். பெர்ஷைடும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்ட வினாநிரல், இருவரும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை விதமான காரியங்களைச் சேர்ந்து செய்கிறார்கள், ஒருவர் முடிவுகளை மற்றவர் எவ்வளவு பாதிக்கிறார் என்று கேட்கிறது. அவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்பதை மட்டும் எண்ணிவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று தீர்ப்பெழுதியது நீங்கள், ஆய்வாளர் அல்ல.

அடுத்த முறை உங்கள் பெற்றோரில் ஒருவர் சில நாள் வெளியே தங்க நேர்ந்தால், வீட்டில் இருப்பவருக்கு எந்தெந்த வேலை நின்றுபோகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். துறைக்கு வருவதைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.