எக்ஸ்டெண்டட் பேட்டரி போட்டா போன் ரெண்டு நாள் நிக்குமா? கேளுங்க, சொல்றேன்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 14 வருஷமா மொபைல் சர்வீஸ் பண்றேன். நேத்து ஒரு தம்பி எக்ஸ்டெண்டட் பேட்டரி பத்தி கேட்டாரு, அதுல இருந்து வரிசையா கேள்வி வந்துட்டே இருக்கு. எல்லாருக்கும் இங்கயே பதில் போட்டுடறேன்.

சேலம், காலேஜ் மாணவர்: அண்ணே, எக்ஸ்டெண்டட் பேட்டரின்னா பவர் பேங்க் தானா?

இல்ல தம்பி. பவர் பேங்க் வெளிய வயர் போட்டு சார்ஜ் ஏத்துறது. எக்ஸ்டெண்டட் பேட்டரிங்கறது போன்ல இருக்குற பேட்டரியை கழட்டிட்டு அந்த இடத்துலயே அதை விட பெரிய பேட்டரி போடுறது. 2012ல வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்3ல 2100 எம்ஏஹெச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற கணக்கு) தான் இருந்துச்சு, அதுக்கு 7000 வரைக்கும் எக்ஸ்டெண்டட் பேட்டரி வந்துச்சு. ஆனா அது பழைய மூடிக்குள்ள அடங்காது, பேட்டரியோட சேத்து முதுகு புடைச்ச மாதிரி ஒரு தடி பேக் கவரும் குடுப்பாங்க. 2015ல எஸ்6 வந்தப்போ சாம்சங் அந்த வரிசையில பேட்டரியை உள்ள ஒட்டி சீல் பண்ணிட்டாங்க, மத்த கம்பெனிகளும் அதே வழிக்கு வந்துட்டாங்க. அதனால இன்னைக்கு நிஜமான எக்ஸ்டெண்டட் பேட்டரி கழட்டி மாட்டுற பழைய போனுக்கு மட்டும் தான்.

தஞ்சாவூர்: அப்பா இன்னும் சாம்சங் நோட் 2 தான் வச்சிருக்காரு. ஆன்லைன்ல 8500 எம்ஏஹெச் பேட்டரி 450 ரூபாய்க்கு போட்டிருக்கான், பழைய மூடியே போதும்ங்கறான். வாங்கலாமா?

வாங்காதீங்க. நோட் 2க்கு கம்பெனி குடுத்தது 3100. அதே குழிக்குள்ள அதே மூடியோட 8500 எப்படிங்க உக்காரும்? லித்தியம் பேட்டரியில கொள்ளளவுங்கறது உள்ள எவ்வளவு சரக்கு அடைச்சிருக்குங்கறது தான், கூட வேணும்னா தடிமனும் கூடணும் எடையும் கூடணும். இப்போ வர்ற போன்ல இருக்குற 5000 எம்ஏஹெச் பேட்டரி சுமார் 70 கிராம் இருக்கும். அந்த கணக்குல 8500ன்னா 120 கிராமாவது இருக்கணும்.

என் டேபிள்ல தங்கக்கடை சைஸ்ல ஒரு சின்ன எடை மெஷின் வச்சிருக்கேன், அதுக்கு காரணம் இருக்கு. ஒரு பெரியவர் 9800ன்னு பொன் எழுத்துல அச்சடிச்ச பேட்டரி ஒண்ணு கொண்டு வந்தாரு, சார்ஜே நிக்கலன்னு. எடை போட்டா 41 கிராம். மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ட்வீசரால மெல்ல உரிச்சேன், கீழ இன்னொரு ஸ்டிக்கர், அதுல 1800. மனுஷன் பேசாம அதையே பாத்துட்டு நின்னாரு. பென்ஷன் காசுல வாங்கினது. அன்னைக்கு இருந்து அந்த மெஷின் டேபிளை விட்டு நகரல.

கம்பெனி அளவு பேட்டரியே புதுசா நல்லதா போடுங்க. லேபிள்ல ஐஎஸ் 16046ன்னு பேட்டரி பாதுகாப்பு தர நம்பர் இருக்கணும், கூட பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர்ல ஆரம்பிக்குற பதிவு நம்பரும் இருக்கணும். அந்த நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல அடிச்சு பாத்தா யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு தெரிஞ்சிடும்.

திருச்சி, டெலிவரி வேலை: சீல் பண்ண போன், 5000 எம்ஏஹெச், வாங்கி மூணு வருஷம் ஆகுது. முன்னாடி நைட் வரைக்கும் வரும், இப்போ மதியம் ரெண்டு மணிக்கே செத்துடுது. உள்ள பெரிய பேட்டரி போட முடியுமா அண்ணே?

முடியாது தம்பி, உள்ள ஒரு மில்லிமீட்டர் கூட சும்மா இடம் விட்டிருக்க மாட்டாங்க. உங்களுக்கு தேவையும் அது இல்ல. தினம் ஒரு ஃபுல் சார்ஜ்னு வச்சாலே மூணு வருஷத்துல ஆயிரம் சார்ஜ் சைக்கிள் தாண்டிடுச்சு, அந்த பேட்டரி இப்போ பேருக்கு தான் 5000. புதுசா அதே அளவு ஒரிஜினல் போட்டாலே நீங்க எக்ஸ்டெண்டட் பேட்டரி கிட்ட எதிர்பாக்குறது கிடைச்சிடும். எங்கிட்ட பெரிய பேட்டரி கேட்டு வர்றவங்கள்ல முக்காவாசி பேருக்கு இதே தான் பதில்.

ஆனா புதுசு போட்டுட்டு அதையும் பழைய மாதிரியே வச்சா ஒரே வருஷத்துல திரும்ப வருவீங்க. உங்க போன் எங்க இருக்கு? ஹேண்டில்பார்ல, உச்சி வெயில்ல, மேப் ஓடிட்டு, பிரைட்னஸ் ஃபுல்லா, போதாததுக்கு வண்டி யூஎஸ்பில சார்ஜும் ஏறிட்டு. திருச்சி மே மாச வெயிலும் சார்ஜ் ஏறுற சூடும் ஒண்ணா சேரும்போது பேட்டரி உள்ளுக்குள்ள வேகுது. சார்ஜ் சைக்கிளை விட சூடு தான் பேட்டரியை சீக்கிரம் தின்னும், அதுவும் நூறு பர்சென்ட்ல நிறுத்தி வச்சு சூடாக்குறது ரொம்ப மோசம். ஹோல்டருக்கு மேல நிழல் விழுற மாதிரி ஒரு சன் கேப் மாட்டுங்க. சார்ஜை ஹோட்டல் வாசல்ல ஆர்டருக்கு நிக்கும்போது நிழல்ல போடுங்க. செட்டிங்ஸ்ல 80 பர்சென்ட்ல நிக்குற ஆப்ஷன் இருந்தா லீவு நாள்ல அதை ஆன் பண்ணுங்க. சிக்னல் வீக்கான ஏரியாவுல 5ஜிய தேடித்தேடியே சார்ஜ் போயிடும், அங்க 4ஜில வச்சுக்கோங்க.

கோவை: அண்ணா, என் போன்ல ஸ்க்ரீன் ஒரு பக்கம் லேசா தூக்கின மாதிரி இருக்கு. போன மாசம் கடையில பெரிய பேட்டரின்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க. இதுவும் பேட்டரியால தானா?

அக்கா, இதைப் படிக்கும்போதே சார்ஜர்ல இருந்து எடுத்துடுங்க. போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணுங்க. அது பேட்டரி உப்பினது தான், உள்ள கேஸ் உண்டாகி பை மாதிரி வீங்கும். தூக்கின ஸ்க்ரீனை அமுக்கி ஒட்ட வைக்காதீங்க, ஊசியால குத்தி காத்தை எடுக்குறேன்னு யாராவது சொன்னா கிட்டயே விடாதீங்க. மெத்தை, சோபா, கேஸ் அடுப்பு பக்கம் வேணாம், வெயில் படாத டைல்ஸ் தரையில வைங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பா வாடை வந்தா கிட்ட போகாம ஜன்னலை திறந்து விடுங்க. குப்பைத் தொட்டியில மட்டும் போட்டுடாதீங்க, குப்பை லாரியில அமுக்கும்போது தீப்பிடிக்கும். அடுத்து என்ன ஆச்சுன்னு இங்க எழுதுங்க.

மதுரை, ஐடிஐ படிக்கிறேன்: யூடியூப்ல ஒருத்தர் பெரிய செல்லை சால்டர் பண்ணி போன்ல மாட்டுறாரு. நானும் பண்ணலாம்னு இருக்கேன்.

ஆசை புரியுது தம்பி, நானும் உங்க வயசுல எல்லாத்தையும் பிரிச்சவன் தான். ஆனா இது வேணாம். செல்லுக்கு எந்த வோல்ட்டோட நிக்கணும்னு ஒரு எல்லை இருக்கு, பழசு 4.2, அப்புறம் 4.35, இப்போ 4.4க்கு மேல. 4.2ல நிக்க வேண்டிய செல்லை 4.4 வரைக்கும் ஏத்துற போன்ல மாட்டினா ஒவ்வொரு நைட்டும் ஓவர் சார்ஜ். பேட்டரியில பிளஸ் மைனஸ் போக மூணாவதா ஒரு காலு இருக்கும் பாருங்க, அது பெரும்பாலும் சூட்டை போனுக்கு சொல்றது. அதுக்கு பதிலா சும்மா ஒரு ரெசிஸ்டரை வச்சு ஏமாத்தினா செல் கொதிச்சாலும் போனுக்கு தெரியாது.

2016ல நோட் 7 தீப்பிடிச்சது ஞாபகம் இருக்கும். அடுத்த ஜனவரியில சாம்சங்கே காரணம் சொன்னாங்க, முதல் சப்ளையர் பேட்டரியில ஒரு மூலையில இடம் பத்தாம உள்ள தகடு வளைஞ்சிருக்கு, மாத்திக் குடுத்த ரெண்டாவது பேட்டரியில வெல்டிங் பிசிறு. அவ்வளவு பெரிய ஃபேக்டரியிலேயே ஒரு மூலை நசுங்கினதுக்கு மொத்த மாடலையும் நிறுத்த வேண்டி வந்துச்சு. பழகணும்னா பழைய லேப்டாப் பேக்ல இருக்குற செல்லை வாங்கி, பாதுகாப்பு போர்டோட, திறந்த வெளியில பெரியவங்க ஒருத்தரை வச்சுக்கிட்டு பழகுங்க.

ஈரோடு: எஸ்4க்கு தடி பேட்டரி போட்டேன், நல்லா நிக்குது, ஆனா 1 பர்சென்ட்ல வந்து ஒரு மணி நேரம் ஓடுது. என்எஃப்சியும் வேலை செய்யல.

உங்க பேட்டரி நிஜம். போன் பழைய 2600 கணக்குலயே பர்சென்ட் போடுது, அதான். என்எஃப்சிங்கறது போனை பக்கத்துல வச்சாலே தகவல் மாத்திக்கிற வசதி, அதோட ஆன்டெனா அந்த மாடல்ல பேட்டரி மேலயே இருந்துச்சு, புதுசுல அது இல்ல. ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்ல. பழைய 1 ஆம்ப் சார்ஜர் தான்னா 7000 ஏற எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், 2 ஆம்ப் வச்சுக்கோங்க.

ராமேஸ்வரம்: கடலுக்கு போனா மூணு நாள் ஆயிடும். ஜிபிஎஸ்க்கு போன் வேணும். எது எடுக்கட்டும்?

அண்ணே, உங்களுக்கு பவர் பேங்க் தான். 20000ன்னு போட்டிருக்குறது உள்ள இருக்குற செல்லோட கணக்கு, வோல்ட் மாத்துறதுல சூட்டுல போக உங்க 5000 போனை மூணு தடவை ஏத்தும். பெட்டியில பொடி எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு தனியா இருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. கரை சிக்னல் தாண்டினதும் ஏரோபிளேன் மோட் போட்டுடுங்க, ஜிபிஎஸ் சாட்டிலைட்ல இருந்து வாங்குறதால அது பாட்டுக்கு ஓடும், டவர் தேடுற சார்ஜ் மிச்சம். மேப்பை கரையிலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. உப்புத் தண்ணி பட்ட போர்ட்ல சார்ஜர் குத்தினா முள் அரிச்சுடும், ரெண்டையும் வாட்டர்ப்ரூஃப் பையில வைங்க. ஒரே ஒரு போனை நம்பி மட்டும் போகாதீங்க.

சிங்கப்பூர்: பவர் பேங்க் ஃப்ளைட்ல விடுவாங்களா?

கைப்பையில மட்டும், செக்-இன்ல கூடாது. 100 வாட் ஹவர் (பேட்டரியில இருக்குற மொத்த சக்தியோட கணக்கு) வரைக்கும் கேக்க மாட்டாங்க, 20000 எம்ஏஹெச்னா 74 தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல 2025 ஏப்ரல்ல இருந்து உள்ள வச்சு அதுல சார்ஜ் போடக் கூடாது.

சென்னை: இப்போ புது போன்லயே 7000 வருதே, அதுவும் மெலிசா. அது எப்படி?

நல்ல கேள்வி. பேட்டரியில மைனஸ் பக்கம் கிராஃபைட் இருக்கும், அதுல சிலிக்கான் கலந்தா அதே இடத்துல கூட லித்தியம் பிடிக்கும். சிக்கல் என்னன்னா சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூணு மடங்கு வரைக்கும் வீங்கும், அதனால கார்பனோட சேத்து கொஞ்சமா தான் போடுறாங்க. 2023ல ஹானர் சைனாவுல மேஜிக்5 ப்ரோவுல கொண்டு வந்தாங்க, அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. 2019ல பார்சிலோனாவுல எனர்ஜைசர் பேர்ல 18000 எம்ஏஹெச் போன் ஒண்ணு காட்டினாங்க, 18 மில்லிமீட்டர் தடிமன், செங்கல் மாதிரி, தயாரிக்க முன்பணம் கேட்டும் போதுமான ஆள் வரல. ஜனங்களுக்கு சார்ஜும் நிக்கணும், பாக்கெட்லயும் நுழையணும். கழட்டுற பேட்டரிக்கும் வழி பிறக்குது, ஐரோப்பிய யூனியன்ல 2027 பிப்ரவரி 18ல இருந்து வாங்கினவங்களே பேட்டரி மாத்துற மாதிரி இருக்கணும்னு சட்டம், அதுலயும் சில விதிவிலக்கு உண்டு.

கோவை: அண்ணா, ஆஃப் பண்ணி பால்கனியில டைல்ஸ் மேல வச்சுட்டேன். வாடை இல்ல. ஆனா உள்ள பையன் பிறந்தப்போ எடுத்த போட்டோ எல்லாம் இருக்கு, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி எடுத்துக்கட்டுமா?

வேணாம் அக்கா. போட்டோ பேட்டரியில இல்ல, போர்டுல இருக்கு, அது எங்கயும் போகாது. தெரிஞ்ச சர்வீஸ் ஆளை வீட்டுக்கு கூப்பிட்டு உப்பினதை கழட்டி எடுக்க சொல்லுங்க, வேற பேட்டரி மாட்டி ஆன் பண்ணா அத்தனையும் அப்படியே இருக்கும். அது வரைக்கும் பையனை பால்கனி பக்கம் விடாதீங்க.