ஒவ்வொரு டெலிபோன் லைனையும் தனித்தனியா ஆன் ஆஃப் பண்ண சுவிட்ச் போர்டு செய்யலாமா?

கடைலயோ ஆபீஸ்லயோ 3, 4 லேண்ட்லைன் இருக்கும், அதுல எந்த லைன் எந்த போனுக்குப் போகணும்னு நாமளே கையால திருப்பிவிடுற ஒரு பெட்டி, அவ்ளோதான் விஷயம். வயல்ல மடை திறந்து விடுற மாதிரி நினைச்சுக்கோங்க, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மடை.

செம்புக் கம்பி லைன் ஒவ்வொண்ணுலயும் 2 வயர் ஜோடியா வரும். சும்மா இருக்கும்போது அதுல சுமார் 48 வோல்ட் டிசி நிக்கும், ரிசீவரை எடுத்தா சர்க்யூட் மூடிக்கிட்டு கரண்ட் ஓடும், அதை வச்சுத்தான் நீங்க போனை எடுத்துட்டீங்கன்னு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கண்டுபிடிக்குது. அதனால லைனுக்கு ஒரு 6 கால் டாகிள் சுவிட்ச் (இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு தள்ளி மாத்துற சுவிட்ச்) வாங்குங்க, நடு ரெண்டு கால்ல லைன், ஒரு பக்கத்து ரெண்டு கால்ல போன், இன்னொரு பக்கம் காலியா விடலாம் இல்ல வேற ரூம் போனுக்குக் கொடுக்கலாம். ஒரு வயரை மட்டும் வெட்டினாலும் போன் நிக்கும்தான், ஆனா மிச்ச வயர் லைனோட ஒட்டிக்கிட்டே இருக்கும், எங்கயாவது உரசுனா கொர்ருனு இரைச்சல், எனக்கு அது பிடிக்காது. ரெண்டு லைனை ஒண்ணா மட்டும் சேர்த்துடாதீங்க.

வேலை செய்யும்போது லைனை முதல்ல கழட்டிடுங்க, மணி அடிக்கிற நேரத்துல 75லேர்ந்து 90 வோல்ட் ஏசி வரும், நல்லாவே சுருக்குனு அடிக்கும்.

அப்புறம், சுவிட்சை ஆஃப் பண்ணா கூப்பிடுறவருக்கு பிசி டோன் கேக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அவருக்கு மணி அடிச்சுக்கிட்டேதான் இருக்கும், ஏன்னா அந்த சத்தத்தைக் கொடுக்கிறது எக்ஸ்சேஞ்ச், உங்க போன் இல்ல.