சுவர் எழுப்பிய வாயிலும் 95 டாலர் அபராதமும்

வாசகர் கேள்வி பதில்: சட்டம்

கேள்வி: நான் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வசிக்கிறேன். சென்ற வாரம் ஃப்ளஷிங்கில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வண்டி ஏறிப் போவதற்காகத் தெருவோர விளிம்புக்கல் தாழ்வாக இருந்த ஓரிடத்தில் காரை நிறுத்தினேன். அதற்கு நேரே ஒரு காலத்தில் கராஜ் இருந்திருக்கிறது. இப்போது அதன் வாயிலைச் செங்கல்லால் முழுவதும் அடைத்து, நடுவில் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால், டிரைவ்வேயை, அதாவது தெருவிலிருந்து வண்டி உள்ளே போய்வரும் வழியை, மறித்ததாக 95 டாலர் அபராதச் சீட்டு கண்ணாடியில் செருகப்பட்டிருந்தது. ‘வந்த இடத்தில் வம்பு எதற்கு, கட்டிவிடு’ என்கிறார்கள் உறவினர்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?
(வாசகர், குயின்ஸ்)

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதன்பின் வழக்காட இடமிருக்காது. உங்கள் உறவினர்கள் அஞ்சுவதை நான் புரிந்துகொள்கிறேன். புதிய நாட்டில் ‘டிக்கெட்’ என்ற சொல்லே பலருக்குக் காவல் நிலையத்தை நினைவூட்டுகிறது. ஆனால் நியூயார்க் நகரில் வாகனம் நிறுத்துவது தொடர்பான சீட்டு குற்றவியல் வழக்கு அல்ல. அதனால் ஓட்டுநர் உரிமத்தில் தவறுக்கான புள்ளிகளும் ஏறாது. நகரத்தின் நிதித் துறையிடம் மறுப்புத் தெரிவித்து, நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவரின் முன் உங்கள் தரப்பைச் சொல்வது சட்டமே உங்களுக்குத் தந்திருக்கும் வழி. அதில் வம்பு என்று எதுவும் இல்லை.

உங்கள் தரப்பும் வலுவானது. நகரப் போக்குவரத்து விதிகளின் 4-08ஆம் பிரிவு, பொது அல்லது தனியார் டிரைவ்வேக்கு முன்னால் வண்டி நிறுத்துவதைத் தடை செய்கிறது. அதே பிரிவு, கட்டடமோ வேறு நிலையான தடையோ குறுக்கே அமைந்ததால் பயன்படுத்த முடியாமல் போன டிரைவ்வேக்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் சொல்கிறது. காரணம், மாநில வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு டிரைவ்வேயை அதன் பயன்பாட்டை வைத்தே வரையறுக்கிறது: சட்டப்படி அனுமதி பெற்றதும், வண்டிகள் உள்ளே போய்வரப் பயன்படுவதுமான வழியே அந்தப் பெயருக்கு உரியது. செங்கற்சுவருக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது. ஆகவே நீங்கள் நிறுத்திய இடத்தில் விளிம்புக்கல் தாழ்ந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அங்கே டிரைவ்வே இல்லை.

இருந்தாலும் விதி உங்கள் பக்கம் இருப்பது மட்டும் போதாது. சீட்டில் எழுதியிருப்பதே முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். அதை மறுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. தெருவோரமாக நடந்துவந்து சீட்டு எழுதியவரின் கண்ணுக்குத் தாழ்ந்த விளிம்புக்கல் முதலில் பட்டிருக்கலாம். நீதிபதியோ அந்தத் தெருவையே பார்த்ததில்லை. அவருக்குச் சுவரைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே, இன்றே அங்கே போய்ப் படம் எடுங்கள். சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று, தாழ்ந்த விளிம்புக்கல்லும் அதற்கு நேர் பின்னால் உள்ள சுவரும் வீட்டு எண்ணும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். இந்த ஒரு படம்தான் வழக்கின் உயிர்நாடி என்பேன். சுவரை மட்டும் தனியாகவும் விளிம்புக்கல்லை மட்டும் தனியாகவும் எடுத்து அனுப்பினால், இரண்டும் ஒரே இடம்தானா என்ற ஐயம் எழும். எழுந்தால் அது உங்களுக்கு எதிராகவே போகும். பிறகு அருகே சென்று, செங்கல்லுக்கு இடையே உள்ள பூச்சு தெரியும்படி ஒன்றும், தெருப்பெயர்ப் பலகையோடு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் குறித்த வீட்டு எண்ணும் படத்தில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சீட்டு வாங்கிய அன்றே, காரும் சுவரும் சேர்ந்து தெரியும்படி நீங்களோ உறவினரோ தற்செயலாகப் படம் எடுத்திருந்தால் அது மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புடையது. சுவர் நேற்றுக் கட்டியதல்ல என்பதைக் காட்ட, கூகுளின் தெருக்காட்சியில் உள்ள பழைய ஆண்டுப் படங்களைத் தேதியோடு அச்செடுத்து இணைக்கலாம்.

மறுப்புக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ‘பல ஆண்டுகளாக எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்’, ‘வேறு இடமே கிடைக்கவில்லை’, ‘ஐந்து நிமிடம்தான் நின்றேன்’ போன்றவை உண்மையாகவே இருந்தாலும் எழுதாதீர்கள். அவை விதியைத் தொடுவதில்லை என்பதோடு, தவறை அரைகுறையாக ஒப்புக்கொள்வது போலவும் தொனிக்கும். வாயில் நிலையான செங்கற்சுவரால் அடைக்கப்பட்டிருப்பதையும், அதனால் 4-08ஆம் பிரிவின் ‘எஃப்’ உட்பிரிவு, 2ஆம் பத்தியின் விலக்கு பொருந்துவதையும், இணைத்துள்ள படங்கள் எதை எதைக் காட்டுகின்றன என்பதையும் எழுதினால் போதும். கூடவே சீட்டையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வாகன எண் போன்ற கட்டாய விவரம் ஏதேனும் விடுபட்டோ தவறாகவோ இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே சீட்டு தள்ளுபடியாகலாம்.

மறுப்பை இணையம் வழியாகவோ அஞ்சலிலோ நேரிலோ தரலாம். நாள்தான் முக்கியம்: சீட்டு எழுதிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் 10 டாலர் தாமதக் கட்டணம் சேரும், பிறகு அது படிப்படியாக ஏறும். தீர்ப்பு எதிராக வந்தால் அடுத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டில் புதிய சான்று எதையும் ஏற்க மாட்டார்கள். கையில் உள்ள எல்லாப் படங்களையும் முதல் விசாரணையிலேயே கொடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கராஜ் முழுக்கப் பழைய சாமான்களாகக் கிடக்கிறது. நான் இங்கே குடிவந்த இத்தனை ஆண்டுகளில் அதற்குள் ஒரு கார் போய் நான் பார்த்ததில்லை. முன்னால் நிறுத்தினேன், சீட்டு வந்துவிட்டது. மேலே சொன்ன விலக்கு எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது என்றே நினைக்கிறேன். பயன்படுத்தாமல் இருப்பது வேறு, பயன்படுத்த முடியாமல் இருப்பது வேறு. விதி கேட்பது இரண்டாவதை. அதுவும் கட்டடம் அல்லது நிலையான தடை ஒன்றின் காரணமாக. சாமான்களை நாளைக்கே வெளியே எடுத்துவிடலாம். பூந்தொட்டி, குப்பைத் தொட்டி, சங்கிலி போட்ட கதவு எல்லாம் அப்படித்தான். வீட்டுக்காரர் எண்ணினால் ஒரே பிற்பகலில் வண்டி உள்ளே போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை, அது உயிருள்ள டிரைவ்வேதான். அவர் தம் வழியைக் கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. சீட்டு எழுதப்பட்டபின் உங்கள் காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யவும் அவரால் முடியும். அந்தச் செலவு 95 டாலரைவிடப் பெரிய தலைவலி. இந்தச் சீட்டைக் கட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அந்த விளிம்புக்கல் உரிய அனுமதியில்லாமல் தாழ்த்தப்பட்டது என்றால், 113ஆம் பிரிவு கேட்கும் ‘சட்டப்படி அனுமதி பெற்ற வழி’ என்ற நிபந்தனை அங்கே நிறைவேறவில்லை என்று வாதிடலாம். அதற்கு நகரக் கட்டடத் துறையின் பதிவுகளில் அந்த முகவரியைத் தேடி, ஆவணத்தோடு காட்ட வேண்டும். வெறும் சந்தேகத்தை வைத்து இந்த வாதத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் டிரைவ்வேக்கு முன்னால் எங்கள் காரையே நிறுத்தினாலும் சீட்டு எழுதுவார்களா?

பதில்: அந்த மனையில் இரண்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் இல்லையென்றால், உரிமையாளரைப் போலவே வாடகைதாரரும் தம் காரை அங்கே நிறுத்தலாம். ஆனால் கார் உங்கள் பெயரில், அதே முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் பெயரில் பதிவான காரை நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. வீட்டில் மூன்று குடும்பங்கள் தனித்தனிக் குடியிருப்புகளில் இருந்தாலும் கிடைக்காது.