கடலோரக் காவல்படை என்றால் என்ன? அது கடற்படையின் ஒரு பிரிவா?

கடலோரக் காவல்படை என்பது, நம் கடற்பரப்பில் கடத்தலைத் தடுக்கவும் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கவும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனி ஆயுதப்படையாகும். போர்க்கப்பல்களையே அன்றாடக் காவலுக்கும் அனுப்பினால் கடற்படையின் முதன்மைப் பணி தளரும் என்பதே இதற்கான காரணம்; எல்லையில் ராணுவமும் ஊருக்குள் போலீசும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மீனவர்களைத் தேடும் பணியில் கடற்படையோடு இப்படையும் ஈடுபட்டது. இதன் உதவி எண்ணான 1554-ஐ வள்ளத்தில் செல்வோர் மட்டுமல்ல, கரையில் காத்திருக்கும் வீட்டாரும் அவசியம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குளச்சலில் உள்ள கடலோரக் காவல் நிலையத்தையும் பலர் இப்படையுடையது என்றே கருதுகின்றனர். அது தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைச் சேர்ந்தது, அதன் எண் 1093.